ஆற்றில் விட்ட துணி

முன்பின் தெரியாதவர்களின் ஜட்டியையும் பனியனையும் நான் கையால் அள்ளிக் கரையில் போட்டிருக்கிறேன். முப்பது வருஷம் அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் செய்கிற வேலையா இது என்று கேட்காதவர்கள் ஊரில் பாக்கி இல்லை. அன்றைக்கு யாருக்கும் பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்திருந்தால் நல்ல வார்த்தை வந்திருக்காது. இப்போது சொல்கிறேன்.

எங்கள் வயலுக்கு வருகிற வாய்க்கால் ஆற்றிலிருந்து பிரிகிறது. பிரிகிற இடத்துக்குச் சற்று மேலே, ஆற்றங்கரையில் ஒரு சனி பகவான் கோயில். ஏழரைச் சனி, அஷ்டமத்துச் சனி என்று ஜோசியர் சொல்லி அனுப்பியவர்கள் அங்கே வந்து ஆற்றில் முழுகுவார்கள். உடுத்தியிருந்த துணியை அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டு, புதுசு உடுத்திக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போவார்கள். துணியோடு பீடையும் போய்விடும் என்பது நம்பிக்கை. எங்கே போகும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நேரே என் வாய்க்காலுக்கு வரும்.

சாமியோடு எனக்குச் சண்டை இல்லை. நானும் எள் தீபம் போட்டவள்தான். நான் கல்யாணமாகி இங்கே வந்தபோதும் துணி விட்டார்கள். ஒருவருக்கு இருந்ததே இரண்டு வேட்டி, அதில் கிழிந்ததை விடுவார். நூல் துணி. பாசி பிடித்து, நைந்து, அடுத்த உழவுக்குள் சேற்றோடு சேறாகிவிடும். இப்போது வருகிறவர்கள் கையில் காசு இருக்கிறது. இருக்கட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குடும்பத்தோடு வேன் பிடித்து வருகிறார்கள். பேரனுடைய டிராக் பேண்டிலிருந்து தாத்தாவின் டீ-ஷர்ட் வரைக்கும் எல்லாம் பாலியஸ்டர். போதாததற்குக் கறுப்புத் துணி, எள்ளுப் பொட்டலம், எண்ணெய்ப் பாக்கெட் மூன்றையும் பாலித்தீன் பையில் போட்டு ‘செட்’ என்று வழியில் விற்கிறார்கள். செட்டும் ஆற்றுக்கு, பையும் ஆற்றுக்கு. செருப்பையும் விட்டால் இன்னும் நல்லது என்று எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டானோ, இப்போது செருப்பும் மிதந்து வருகிறது.

எட்டாம் வகுப்பில் மாசுபாடு ஒரு பாடம். வருஷம் தவறாமல் நடத்தினேன். புத்தகத்தில் புகை கக்குகிற தொழிற்சாலைப் படம் ஒன்று இருக்கும். எங்கள் பள்ளத்தாக்கில் அப்படி ஒரு புகைபோக்கியும் கிடையாது. மாசு என்பது வேறு ஊர்ச் சமாசாரம் என்றுதான் பிள்ளைகளுக்கு நினைப்பு. டீச்சருக்கும் அதே நினைப்புத்தான். படிப்பும் வருமானமும் பெருகினால் சுத்தம் தானாக வரும் என்று போர்டில் எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறேன். என்னத்தைப் படித்தேனோ, என்னத்தை நடத்தினேனோ.

சுத்தம் வரத்தான் செய்தது, வீட்டுக்குள் வந்தது. டைல்ஸ் தரை, பளபளவென்று கக்கூஸ், தினம் ஒரு உடுப்பு, துவைக்க மெஷின். வசதி வந்த வீட்டில் அழுக்கு தங்குவதில்லை என்பது உண்மை. அது வீட்டைக் காலி செய்துகொண்டு போய், வாய்க்காலின் கடைசியில் யார் இருக்கிறார்களோ அவர்கள் வீட்டில் குடியேறுகிறது. அந்தக் கடைசி ஆள் நான்.

நான் மட்டும் என்ன ஒழுங்கு. வேலைக்குப் போன நாளில் நூல் சேலைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போட நேரம் கிடையாது. தேனிக்குப் போய் சிந்தெடிக் சேலையாக வாங்கிக் குவித்தேன். கசங்காது, சாயம் போகாது, கிழியாது, துவைத்துக் கொடியில் போட்டால் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். அதில் கருநீலச் சேலை ஒன்று. விடைத்தாள் திருத்தும்போது சிவப்புப் பேனா கசிந்து, முந்தானையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் கறை விழுந்துவிட்டது. என்ன போட்டுத் தேய்த்தும் போகவில்லை. கறையோடேயே கட்டிக்கொண்டு போனேன். டீச்சர் தனக்குத் தானே தப்புப் போட்டுக்கொண்டார் என்று பிள்ளைகள் பின்னால் சிரிப்பது காதில் விழும். எனக்கும் சிரிப்பு வரும். அந்தச் சேலை போன தை மாதம் பீரோவில் இல்லை. வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

“பழைய துணிக்கு வாளி குடுக்கிறவன் வந்தான்ல, அவன்ட்ட போட்டுருப்ப” என்றார்.

வீட்டில் புது வாளி எதுவும் இல்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

வயல் என் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. ஒன்றரை ஏக்கர். ரோட்டை ஒட்டின அரை ஏக்கரில் வீட்டுக்காரர் மண்ணடித்து, சனிக்கிழமைகளில் வேன் நிறுத்த விட்டார். அவரும் சம்பள வேலையில் இருந்து ஓய்ந்தவர், வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்கவில்லை. அந்தக் காசில்தான் எங்கள் படுக்கை அறைக்கு ஏசி வந்தது. நானும் அதில்தான் தூங்கினேன். மறைத்து என்ன ஆகப்போகிறது. மிச்சம் ஒரு ஏக்கரில் நெல். அதையும் மூடிவிட வேண்டும் என்று அவருக்கு இரண்டு வருஷமாக அரிப்பு. நான் பிடி கொடுக்கவில்லை. இந்த வருஷம் நாற்றுப் பாவிய அன்றைக்கே வந்து வரப்பில் நின்றார்.

“நெல்லுல என்னத்தக் கண்ட? இந்தத் தடவ நாத்து தேறலைன்னா பேசாம மண்ணடிச்சிருவோம். நீயும் ஒத்துக்கிரணும்.”

“தேறுனா?”

“தேறுனா நான் வாயே தொறக்கல.”

சரி என்று சொல்லிவிட்டேன். வீம்புக்குச் சொன்னதுதான். ஒரு ஏக்கர் நிலம் அந்த நாற்றங்காலில் மாட்டிக்கொண்டது.

ஆடி முதல் சனிக்கிழமை வந்தது. எங்கள் இடத்தில் நிறுத்த இடமில்லாமல் வேன்கள் ரோடு முழுக்க நின்றன. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் முறை. காலை ஆறு மணியிலிருந்து பன்னிரண்டு வரை வாய்க்கால் தண்ணீர் எங்களுக்கு. அதற்குப் பிறகு மடையை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள், மறுபடி எட்டு நாள் காத்திருக்க வேண்டும். போன முறையே தண்ணீர் மெலிந்துதான் வந்தது. நாற்றங்காலில் மண் வெடித்து, நாற்று நுனி மஞ்சளடித்து நின்றது. எட்டு நாள் தாங்காது. கிணறு இருக்கிறதே என்பீர்கள். சுற்றிலும் தென்னைக்கும் திராட்சைக்கும் ஆளுக்கொரு போர் போட்டு உறிஞ்சியதில், என் கிணற்றில் தவளைக்கே தண்ணீர் கிடையாது.

ஆறு மணிக்கு மண்வெட்டியோடு மடையில் நின்றேன். ஏழாயிற்று. பாதம் நனைகிற அளவுக்குக்கூட வரவில்லை. வாய்க்கால் கரையோடு மேலே நடந்தேன். கொஞ்ச தூரத்தில் ரோடு வாய்க்காலைக் கடக்கிறது. வேன்கள் வந்து போகச் சுலபமாக இருக்கட்டும் என்று ரோட்டை அகலப்படுத்தியபோது, அங்கிருந்த கல்பாலத்தை உடைத்துவிட்டு இரண்டு சிமெண்ட் குழாய்களைப் பதித்திருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர் தளும்பி, கரை வழிந்து பக்கத்துத் தோப்புக்குள் போய்க்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் சொட்டுகிறது. குழாய் வாய் இரண்டிலும் துணி. திணித்து அடைத்ததுபோல் துணி. மேலே பாலித்தீன் பைகள், எண்ணெய் மிதப்பு, ஒற்றைச் செருப்புகள். அந்த நாற்றத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

வயல் வேலைக்கு வழக்கமாக வருகிற இரண்டு பேரை போன் போட்டு வரச் சொன்னேன். வந்தார்கள். எட்டிப் பார்த்தார்கள். பின்னால் நகர்ந்துகொண்டார்கள்.

“சேத்துல எறங்கச் சொல்லுங்க டீச்சர், எறங்குறோம். சாக்கடையில எறங்கச் சொல்லுங்க, அதுலயும் எறங்குறோம். இது அடுத்தவுக பீடை. எனக்கு இப்பத்தான் பொண்ணு பாக்காக” என்றான் ஒருவன்.

“கையால தொட வேண்டாம். கம்பை வச்சுத் தள்ளு.”

“கம்பு வழியா ஏறாதுன்னு யாரு கண்டா டீச்சர்?”

இதைச் சொன்னவன் பட்டப்படிப்பு முடித்தவன். நாலு தெரு தள்ளி ஒரு ரோட்டோர வேலைக்கு ஜேசிபி வந்து நின்றது. ஓட்டுகிற தம்பியிடம் போய்க் கேட்டேன். தேவாரம் என்கிற ஊரிலிருந்து வந்த பையன். வண்டியின் முன்னால் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கிக்கொண்டிருந்தன.

“மேடம், வண்டி லோன் டியூல ஓடுது. பக்கெட்ல ஏதாச்சும் ஒட்டிக்கிருச்சுன்னா ஓனர் என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாரு” என்றான்.

அத்தனை டன் இரும்பு. மலையையே பெயர்க்கிற இயந்திரம். நனைந்த பனியனுக்குப் பயப்படுகிறது. அவ்வளவு பெரிய இரும்பைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பனியனை என்ன செய்வது என்று தெரியவில்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர்ப் பொறுப்பில் இருக்கிற ஒருவருக்கு போன் அடித்தேன்.

“இன்னைக்கு ஞாயித்துக்கெழமல்ல டீச்சர். நாளைக்குத் தூய்மைப் பணியாளர அனுப்பி எடுக்கச் சொல்றேன்.”

“நாளைக்கு என் நாத்து செத்துரும். சரி, அவுகளுக்கு மட்டும் சனி பிடிக்காதா?”

“அது அவுக வேலைதான டீச்சர்.”

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். ஊரே தொடப் பயப்படுகிற ஒன்றை, தினக்கூலிக்கு வருகிற நாலு பெண்கள் தொட்டால் ஒன்றும் ஆகாதாம். வைகிறதற்குள் போனை வைத்துவிட்டார். மணி எட்டரை தாண்டியிருந்தது.

அப்போது ரோட்டில் பேட்டரிக் குப்பை வண்டி வந்தது. ஓட்டி வந்தவள் அந்தத் தூய்மைப் பணியாளர்களில் ஒருத்தி. அந்த நாலு பேரில் அவளுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமையும் படித்துறையில் வேலை. என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவள். வண்டி நிறைய ஈரத் துணி. விடியற்காலையிலிருந்து படித்துறையில் அள்ளியிருக்கிறாள். என்னைப் பார்த்து நிறுத்தினாள். குழாயைப் பார்த்தாள்.

“ஆத்தா, இத மட்டும் கொஞ்சம் எடுத்துக் குடுத்தின்னா...” என்று ஆரம்பித்தேன்.

இப்போதுதான் ஒருவரை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டவள் நான். அதே வாய்தான் இதையும் கேட்டது. அவள் என் காலைப் பார்த்தாள். சேறு படாத கால்.

“எடுக்கலாம் டீச்சர். நீங்களும் எறங்குறீகளா?” என்றாள். கிண்டலும் இல்லை, கோபமும் இல்லை. “நேத்துலருந்து அள்ளுறேன். எம்மேல இன்னும் எத்தன பேரு சனி ஏறத்தான் எடம் இருக்குன்னு பாக்கேன்.”

எனக்கு முகம் எரிந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். இடுப்பளவு தண்ணீர். அவள் கையுறை ஒன்றைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள், கட்டைவிரல் பக்கம் கிழிந்திருந்தது. ஆளுக்கு ஒற்றைக் கையுறை.

முதலில் பைகள் வந்தன. அப்புறம் ஜட்டி, பனியன், சின்னப் பிள்ளைகளின் டவுசர், யாரோ ஒரு பெண்ணின் நைட்டி. ஒன்றை இழுத்தால் ஆறு வந்தது. ஒன்றுகூட நைந்திருக்கவில்லை. வாங்கின கடையின் பெயர்கூட அழியவில்லை. நூல் துணி ஒன்று கையில் சிக்காதா என்று பார்த்தேன், சிக்கவே இல்லை. கரையில் குவியல் உயர உயர, ரோட்டில் ஆட்களும் சேர்ந்தார்கள். வேனில் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் போனில் படம் பிடித்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற அம்மாள் ஒருத்தியின் மறு கையில் செட் பை.

“இன்னும் ஒரு மணி நேரத்துல ஒங்க துணியும் இங்கனதான் வரும். இருந்து எடுத்துக்கிட்டுப் போங்க” என்று கத்தினேன்.

அம்மாள் வேனுக்குள் ஏறிக்கொண்டாள். வேன் கோயில் பக்கமாகத்தான் போனது.

ஒரு குழாய் திறந்துகொண்டது. இரண்டாவது அசையவில்லை. மேலாக இருந்ததை எடுத்த பிறகும், உள்ளே ஏதோ ஒன்று எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இருந்தது. குழாயின் அடிவாயில் சிமெண்டுக்கு வெளியே ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. அதில் மாட்டின நீளத் துணி ஒன்று வடம்போல முறுக்கி, வந்த துணியையெல்லாம் வருஷம் பாதியாகத் தன்னோடு சுற்றி வைத்திருக்கிறது. அவள் முழுகிக் கம்பியிலிருந்து அதை விடுவித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். மடமடவென்று மொத்த அடைப்பும் அதோடு வந்தது. தண்ணீர் குழாய்க்குள் பாய்கிற சத்தம் கேட்டது.

அவள் அந்தத் துணியைப் பிரித்து அலசிக்கொண்டிருந்தாள். ஐந்தரை மீட்டர். முந்தானையை விரித்தவள் கை நின்றது.

“டீச்சர், இது ஒங்க சேலைல்ல?”

கருநீலம். முந்தானையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவப்பு. ஆறு மாதம் ஆற்றிலும் சேற்றிலும் கிடந்தும் கறை போகவில்லை, சேலை கிழியவில்லை.

“இதே கறைதான. நாங்க சிரிப்போமே” என்றாள். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, துணிகளை வண்டியில் ஏற்றப் போய்விட்டாள்.

என் வயலில் தண்ணீர் ஏறும்போது மணி பதினொன்று. சரியாகப் பன்னிரண்டுக்கு மடையைத் திருப்பிவிட்டார்கள். முறை என்றால் முறைதான், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. நாற்றங்காலில் பாதி நனைந்தது. பாதி காய்ந்தபடி நின்றது.

வீட்டுக்கு வந்து சேலையை இரண்டு முறை சோப்புப் போட்டு அலசி, வாசல் கொடியில் விரித்தேன். வீட்டுக்காரர் வெளியே வந்தார். பார்த்தார். முகம் மாறிவிட்டது அவருக்கு.

“அத எதுக்கு வீட்டுக்குக் கொண்டாந்த? அது ஒன் தலையைச் சுத்தி ஆத்துல விட்டது.”

தானாகச் சொல்லிவிட்டார். நான் கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

“நான் தூங்கும்போது சுத்துனீகளாக்கும்.”

“ஒன் கோவம் கொறையட்டும்னுதான். ஒனக்கு அஷ்டமத்துச் சனின்னு ஜோசியர் சொன்னாக. அதான் நெலத்தப் பிடிச்சுக்கிட்டு மொரண்டு பண்றா, ஒரு சேலைய ஆத்துல விட்டாப் போதும், மனசு எளகி ஒத்துக்கிருவான்னு சொன்னாக.”

நிலம் என் பெயரில். கோபம் என்னுடையது. சேலையும் என்னுடையது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மூன்றையும் ஒன்றாகச் சுருட்டி ஆற்றில் போட்டிருக்கிறார். ஊர்த் துணியும் வந்து அதில் சிக்கியிருக்கிறது. உலகத்தையே திட்டிக்கொண்டு காலையிலிருந்து நான் இழுத்ததற்கு அடியில் என் வீட்டுத் துணி. அன்றைக்கு நான் அழுதேன். ஆத்திரத்தில் அழுததுதான், வேறு எதுவும் இல்லை.

“அந்தச் சேலைதான் குழாய அடச்சது. போய்ப் பாருங்க, அங்கன கம்பி இருக்கு.”

அவர் போகவில்லை.

பிழைத்த பாதி நாற்றைப் பறித்து நடுகிற நாளில் அந்தக் கருநீலச் சேலையைத்தான் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினேன். நடவுக்கு வந்த பெண்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. “கோவிச்சுக்கிராதீக டீச்சர். அந்தச் சேலையோட எங்க பக்கத்துல நிக்காதீக. பிள்ளகுட்டிக்காரிக நாங்க” என்றார்கள். அவர்கள் ஒரு ஓரத்திலிருந்து நட்டு வந்தார்கள். நான் எதிர் ஓரத்தில் தனியாக ஒரு வரிசை பிடித்தேன். எனக்கு நட வராது. வளைந்து வளைந்துதான் போயிற்று.

வீட்டுக்காரர் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். பாதிதான் தேறியது என்று சொல்ல வந்திருப்பார் என்று நினைத்தேன்.

“பாதியாச்சும் தேறுச்சுல்ல. வாயத் தொறக்காதீக” என்றேன் முந்திக்கொண்டு.

திறக்கவில்லை. கையிலிருந்த நாற்று தீர்ந்துவிட்டது. கட்டு அவர் காலடியில் வரப்பில் கிடந்தது. நாலு எட்டு வைத்தால் என் கையில் கொடுத்துவிடலாம்.

“அந்தக் கட்டக் கொண்டாந்து குடுங்க” என்றேன்.

அவர் கட்டை எடுத்தார். சேலையைப் பார்த்தார். பின்னால் ஓரடி நகர்ந்து நின்றுகொண்டு, அங்கிருந்தே என் பக்கமாக வீசினார்.